தொண்ணூறு நிமிடத் தூக்கம்

சைபுன்னிசாவின் குறட்டையை ஊரறியச் செய்தவர் அவளுடைய கணவர் ஹபீப் முஹம்மதுதான். அதற்கு அவர் பிடித்த இடமும் நல்ல இடம், ஒரு நிக்காஹ் வீட்டு விருந்துப் பந்தி. சவூதியில் தம்மாமிலிருந்து இரண்டு மாத லீவில் வந்திருந்தவரிடம், கண்ணெல்லாம் ஏன் இப்படிச் சிவந்து கிடக்கிறது என்று யாரோ கேட்டுவிட்டார்கள். "எங்க பாய் தூங்குறது? எங்க வீட்டம்மா மூக்குல அரவை மில்லு ஓடுது. ஹால்ல போய் படுத்தேன், அங்கயும் கேக்குது. இப்ப அண்ணன் வீட்டுல படுத்துக்கிறேன்" என்றார் அவர். பந்தியே சிரித்தது. நடுவில் கட்டியிருந்த துணித் திரைக்கு இந்தப் பக்கம், பெண்கள் வரிசையில் சைபுன்னிசாவும் உட்கார்ந்திருந்தாள். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததும் அவளும் சிரித்து வைத்தாள். வேறு என்னதான் செய்வாள், பாவம்.

அது 2004 ஜூன் மாதம். லீவு முடியப் பன்னிரண்டு நாள் இருக்கும்போதே கம்பெனியில் அவசரமாகக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி அவர் கிளம்பிவிட்டார். பெட்டி கட்டும்போது கூடமாட நின்று எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். எந்தக் கம்பெனியும் கூப்பிடவில்லை, தன் மூக்குதான் அவரை விரட்டியது என்றே அவள் நினைத்தாள். பஸ் ஏற்றிவிட்டு வந்தவர்கள்கூட அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

குறட்டையில் உள்ள அநியாயம் என்னவென்றால், விடுகிறவருக்கு அது கேட்காது. திருடாத பொருளுக்குத் திருட்டுப் பட்டம் வாங்கினவள் மாதிரி அவள் நின்றாள். பதினாறு வருஷத்துக் கல்யாணம். அதில் பதிமூன்று வருஷத்தை சவூதி எடுத்துக்கொண்டுவிட்டது. குழந்தை தங்கவில்லை. மாமியார் இருந்தவரை அந்த அம்மாளுக்கு இரண்டு காதும் மந்தம், பக்கத்தில் இடி விழுந்தாலும் என்ன சத்தம் என்று கேட்கிற ரகம். ஆகவே மருமகளின் தூக்கத்தைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை. 2003-இல் அவரும் மவுத்தாகிப் போன பிறகு, மரக்காணம் பள்ளிவாசல் தெருவில் அந்த நீளமான வீட்டில் அவள் ஒருத்திதான். அவளுடைய குறட்டையைக் கேட்கச் சுவரும் பல்லியும் தவிர ஆளில்லை.

சுனாமி வந்த அன்று மட்டும் அவர் பதினொரு தடவை போன் செய்தார். லைன் கிடைக்காமல், அக்கம் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அடித்து, கடைசியில் அவள் குரலைக் கேட்டதும் சைபு, சைபு என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். தண்ணீர் உப்பளத்தோடு நின்றுவிட்டது, வீட்டுப் பக்கம் வரவில்லை என்று அவள்தான் அவரைத் தேற்றினாள். அந்தப் பதினொரு தடவையை அவள் மனசுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். ஆசை இல்லாத மனுஷனா பதினொரு தடவை அடிப்பான்? மனுஷன் நல்ல மனுஷன்தான். இந்தப் பாழாய்ப்போன மூக்கு ஒன்றுதான் நடுவில் நிற்கிறது. அதைச் சரிசெய்துவிட்டால் 2006 ஜூன் லீவில் அவர் தன் வீட்டில், தன் அறையில், தன் கட்டிலில் படுப்பார். அவள் கேட்டது அவ்வளவுதான்.

பத்து வயதில் தண்ணீர் அடிக்கிற கைப்பம்பின் பிடி திரும்பி அடித்ததில் உடைந்த மூக்கு அது. அன்றைக்கு மஞ்சள் பற்றுப் போட்டதோடு சரி. வெளியே பார்க்கக் கோணல் தெரியாது. உள்ளே ஒரு பக்கம் சுத்தமாக அடைப்பு, மறுபக்கம் பாதி. வாயால் மூச்சு விட்டே வளர்ந்தவள், உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் விடுகிறார்கள் என்று நெடுநாள் நினைத்திருந்தாள். ராத்திரி பத்துத் தடவை தொண்டை வறண்டு எழுந்திருப்பாள். காலையில் தலை பாறையாகக் கனக்கும்.

புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனவள் குப்பம்மாள். பின் தெருக்காரி, உப்பளத்தில் உப்பு வாருகிறவள். விடிவதற்கு முன்னால் வேலைக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொண்டு, நேராக சைபுன்னிசா வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவாள். நாளுக்கு ஒரு தடவை அந்த வீட்டில் மனுஷப் பேச்சு கேட்பது அவளால்தான்.

ஆஸ்பத்திரியில் கலைமதி என்று ஒரு சின்ன வயது டாக்டர். நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு மூக்குக்குள் எட்டிப் பார்த்து, "நடுவுல இருக்கிற சுவரு நல்லா வளைஞ்சிருக்கும்மா. ஆபரேஷன் பண்ணி நேராக்கிடலாம்" என்றார். அவர் படிப்புக்காக ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். இந்த ஆபரேஷனால் ஜனங்களுடைய வாழ்க்கை எவ்வளவு மாறுகிறது என்பதுதான் விஷயம். கையில் ஒரு தாள். ஒவ்வொரு கேள்விக்கும் சைபரிலிருந்து நாலு வரை நம்பர் சொல்லவேண்டும். தொந்தரவே இல்லை என்றால் சைபர், தாங்க முடியவில்லை என்றால் நாலு. மூக்கடைப்பு? நாலு. தூக்கம் கெடுகிறதா? நாலு. வேலை செய்தால் மூச்சு வாங்குகிறதா? மூன்று. "குறட்டையால பக்கத்துல படுக்கிறவங்களுக்குத் தொந்தரவு உண்டா?"

"அதுக்கு நாலுக்கு மேல இல்லீங்களா?" என்று கேட்டாள் சைபுன்னிசா.

டாக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, குறட்டை நின்றுவிடும் என்று எழுதிக் கொடுக்க முடியாது, சிலருக்கு நிற்கும், சிலருக்குக் குறையும், சிலருக்கு அப்படியே இருக்கும் என்று சொன்னார். மூச்சு நன்றாகப் போகும், அதற்கு மட்டும்தான் அவர் பொறுப்பு. சைபுன்னிசா தலையாட்டினாள். அவள் காதில் விழுந்தது 'சிலருக்கு நிற்கும்' என்பது மட்டும்தான்.

கணவரிடம் அவள் மூச்சு விடவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் போன் செய்வார். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், மழை உண்டா, இல்லை. இந்தப் பேச்சுக்கு நடுவில் எங்கே போய் மூக்கை நுழைப்பது? ஆபரேஷன் என்று சொன்னால் எதற்கு என்று கேட்பார். எதற்கு என்று சொன்னால், நீங்கள் ஏன் சீக்கிரம் போனீர்கள் என்று எனக்குத் தெரியும் என்று சொன்னதாக ஆகிவிடும். அதைச் சொல்லிக் காட்டுகிறவள் இல்லை அவள்.

2006 பிப்ரவரியில் ஆபரேஷன் நடந்தது. கூட இருந்தது குப்பம்மாள். இரண்டு நாள் மூக்கு நிறையத் துணியை அடைத்து வைத்திருந்தார்கள். அதை உருவி எடுத்தபோது மூளையே சேர்ந்து வருகிறதோ என்று பயந்துபோனாள். தினமும் உப்புத் தண்ணீர் விட்டு மூக்கைக் கழுவவேண்டும், காய்ச்சி ஆறின தண்ணீர் ஒரு டம்ளருக்குக் கால் ஸ்பூன் உப்பு என்று சொல்லி அனுப்பினார்கள்.

கால் ஸ்பூன் உப்பு என்கிற பேச்சு குப்பம்மாளுக்குப் பிடிக்கவில்லை. மரக்காணத்தில் பிறந்துவிட்டு உப்பை ஸ்பூனால் அளப்பதா? "இன்னாம்மா நீ, டாக்டருக்கு உப்பைப் பத்தி இன்னா தெரியும். நான் கொண்டாறேன் பாரு" என்று சொல்லி, மறுநாள் உப்பளத்துப் பாத்தியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கேன் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். இன்னும் இரண்டு நாள் வெயிலில் விட்டால் உப்பாகவே பூத்துவிடுகிற தண்ணீர். அதைவிட நல்ல உப்புத் தண்ணீர் இந்தப் பூமியிலேயே கிடையாது என்பது அவள் கணக்கு. சைபுன்னிசாவும் அந்த ஊர்க்காரிதானே, அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. தலையைச் சாய்த்து ஒரு பக்கம் ஊற்றினாள்.

அவள் போட்ட கூச்சலில் தெருக்கோடி வரை ஆள் கூடிவிட்டது. மூக்கு, கண், தொண்டை எல்லாம் ஒரே எரிச்சல். ரத்தம் வேறு. அன்றைக்கே பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வழி நெடுக குப்பம்மாள் தலையில் அடித்துக்கொண்டே வந்தாள்.

"கால் ஸ்பூன்னு சொன்னேன். நீங்க உப்பளத்தையே ஊத்திட்டீங்களா" என்றார் கலைமதி. கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு சுத்தம் செய்தார். உள்ளே புண் ஆகியிருக்கிறது, ஆறும்போது இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டால் பழைய அடைப்பு திரும்ப வந்துவிடலாம் என்றார். "மூணு மாசம் கழிச்சு வாங்க. குறட்டை திரும்ப வருதான்னு பக்கத்துல படுக்கிறவங்களைக் கேட்டுக்கிட்டு வாங்க. அது உங்களுக்குத் தெரியாது, அவங்களுக்குத்தான் தெரியும்."

சைபுன்னிசா சரி என்றாள். யாரைக் கேட்பது என்று டாக்டரிடம் கேட்க வாய் வரவில்லை.

புண் ஆறியது. ஒருநாள் காலை கண் விழித்தபோது, வாய் மூடியிருப்பதைக் கண்டாள். மூக்கால் காற்று உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது, யாரையும் கேட்காமல், தானாக. அப்படியே அரைமணி நேரம் படுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு வயதில் மூச்சு விடப் படித்துக்கொண்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாசனைகளும் வந்தன. கொத்தமல்லிக்கு இவ்வளவு மணமா என்று கையில் வைத்து முகர்ந்துகொண்டே நின்றாள். தான் வைக்கிற குழம்பில் இத்தனை வருஷமாகப் பட்டையும் கிராம்பும் அள்ளிக் கொட்டியிருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது. அதை ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்ட மனுஷனை நினைத்துச் சிரிப்பு வந்தது. பீரோவைத் திறந்து அவருடைய சட்டைகளை எடுத்து முகர்ந்து பார்த்தாள். நாப்தலின் உருண்டை வாசனைதான் அடித்தது. நாலைந்து சட்டைகளைப் பார்த்தாள், எல்லாவற்றிலும் அதேதான். மடித்து வைத்துவிட்டாள்.

நல்ல தூக்கம் வந்ததில் ஒரு சங்கடமும் வந்தது. முன்பெல்லாம் ராத்திரி பாதி விழித்தே கழியும், பகலில் பாதி அசந்தே போகும். தலைவலி, அசதி, அடைப்பு என்று ஒரு நாளைத் தள்ளிவிட வேலைக்குப் பஞ்சமில்லை. இப்போது காலை ஐந்து மணிக்கே தெளிவாக எழுந்துவிடுகிறாள். பெருக்கி, துடைத்து, சமைத்து, தொழுது முடித்தாலும் மணி பத்து ஆகவில்லை. உடம்பு சுகமாக இருக்கிறவளுக்குத் தனிமை இன்னும் சுத்தமாகத் தெரிந்தது. வீடு இவ்வளவு பெரிதா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஏப்ரல் போய் மே வந்தது. குறட்டை நின்றதா இல்லையா? சாட்சிக்கு ஆள் வேண்டும். குப்பம்மாளைக் கேட்டாள். "இதுல இன்னா இருக்குது, நான் பக்கத்துல படுத்துக் கேக்குறேன்" என்று ஒரு மத்தியானம் பாயை விரித்துப் படுத்தாள் அவள். விடியாத நேரத்திலிருந்து உப்பு வாரின உடம்பு. படுத்த இரண்டாவது நிமிஷம் அவளே குறட்டை விட ஆரம்பித்துவிட்டாள். சாயங்காலம் எழுந்து, "நீ சத்தமே போடலம்மா, நிம்மதியா தூங்கினேன்" என்று சாட்சியும் சொன்னாள். சைபுன்னிசா அந்த மத்தியானம் கண்ணே மூடவில்லை.

அப்போதுதான் டேப்ரிக்கார்டர் ஞாபகம் வந்தது. அவர் சவூதி போன புதிதில், போன் எல்லாம் எட்டாத காலத்தில், அந்தத் தெருவில் பாதி வீடுகளில் கேசட்டில்தான் குடும்பம் நடந்தது. அவர் அங்கே பேசிப் பதிந்து ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். இவள் அதைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பாள். பதிலைப் பேசிப் பதிந்து, போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவாள். வீட்டுக்குப் போன் வந்ததோடு அது நின்றுபோனது. பரண் மேல் ஏறித் துணி சுற்றி வைத்திருந்த செட்டை இறக்கித் துடைத்தாள். கடைத்தெருவில் இரண்டு கடை ஏறி இறங்கி, தொண்ணூறு நிமிடக் கேசட் ஒன்று வாங்கிவந்தாள். ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம்.

மத்தியான லுஹர் தொழுதுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, ஜன்னலைச் சாத்தினாள். ஃபேன் சத்தம் பதிவாகிவிடும் என்று அதையும் நிறுத்தினாள். மே மாதத்து மரக்காணத்தில் மத்தியானம் ஃபேனை நிறுத்திவிட்டுப் படுப்பது எப்படிப்பட்ட காரியம் என்று அந்தப் பக்கத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். செட்டைத் தலைமாட்டில் வைத்து இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கிவிட்டுப் படுத்தாள். தூக்கம் வரவில்லை. தூங்கவேண்டும் என்று படுத்தால் எப்படி வரும்? மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் வேண்டுமென்றே வீடு முழுக்க ஒட்டடை அடித்து, உடம்பைக் களைத்துப் போட்டுவிட்டு, பட்டனை அமுக்கிவிட்டுச் சாய்ந்தாள். கண் விழித்தபோது பட்டன் தானாக மேலே வந்திருந்தது. தலையணை வேர்வையில் நனைந்திருந்தது.

கேசட்டை முதலிலிருந்து ஓடவிட்டாள். காக்கை கத்தியது. தூரத்தில் உப்பு லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்தது. தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். அப்புறம் ஒன்றும் இல்லை. ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக் கேட்டால், மெல்லிசாக ஒரு மூச்சு, போவதும் வருவதுமாக. நாற்பத்தைந்து நிமிடமும் அவள் காதை எடுக்கவில்லை. ஒரு பெண்பிள்ளை யாருக்கும் தொந்தரவில்லாமல் தூங்குகிறாள், அவ்வளவுதான். அது தான்தானா என்று நம்புவதற்கு அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

ஒரு நாள் தற்செயலாக அமைந்திருக்கலாம் என்று மறுநாள் அடுத்த பக்கத்தையும் தூங்கி நிரப்பினாள். அதிலும் சத்தமில்லை.

அந்த வாரமே பக்கத்துத் தெரு முஹ்சின் தம்மாமுக்குப் புறப்படுகிறான் என்று தெரிந்தது. எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலோடு கேசட்டையும் வைத்துக் கட்டிக் கொடுத்தனுப்பினாள். ஒரு வார்த்தை பேசிப் பதிந்திருக்கலாம். ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வைத்திருக்கலாம். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதோடு, சொல்லவேண்டியதையெல்லாம் அந்தத் தூக்கமே சொல்லிவிடும், கேட்டவுடன் அவருக்கு விளங்கிவிடும் என்று முழுசாக நம்பினாள். இத்தனை வருஷம் கேசட்டில் குடும்பம் நடத்தினவளுக்குத்தான் இப்படி ஒரு நம்பிக்கை வரும்.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. குப்பம்மாள் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். சைபுன்னிசா அறைக்குள் ஓடிப் போய் எடுத்தாள். ஸலாம் சொல்லிக்கொண்டார்கள்.

"முஹ்சின் வந்து குடுத்தான் சைபு. ஊறுகாய் நல்லா இருக்குது. ரூம்ல எல்லாரும் அடிச்சிக்கிட்டு சாப்பிட்டானுங்க."

"கேசட்டு?"

"அத ஏன் கேக்குற. ஒண்ணுமே பதிவாகலையே. ரெண்டு பக்கமும் போட்டுப் பார்த்துட்டேன். காக்கா கத்துது, லாரி போவுது. இப்ப பேசுவே, அப்ப பேசுவேன்னு கடைசி வரைக்கும் ஓட விட்டேன். நீ பேசவே இல்ல. பட்டனை மாத்தி அமுக்கிட்டியா?"

கடைசி வரைக்கும் ஓடவிட்டேன் என்றாரே, அதில் அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. தொண்ணூறு நிமிடம் அவள் பக்கத்தில் இருந்திருக்கிறார். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் அவர் தொடர்ந்துவிட்டார்.

"முதல்ல ரூம்லதான் போட்டேன். எங்க கேக்குறது? ஆறு பேரு படுத்திருக்கோம், அஞ்சு பேரு குறட்டை. அந்த ஹைதராபாத்துக்காரன் ஒருத்தன் இருக்கான், அவன் விட்டான்னா கட்டிலே ஆடும். அதான் கம்பெனி வண்டியில போட்டுத் தனியா உக்காந்து கேட்டேன்."

"அதுல நீங்க எப்படித் தூங்குறீங்க?"

"பதினஞ்சு வருஷமா அதானே. பழகிப் போச்சு. சாஞ்சா காலைலதான் முழிப்பே" என்று சிரித்தார் ஹபீப் முஹம்மது.

சிரிப்பு பாதியில் நின்றது. தான் என்ன சொன்னோம் என்று அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். காசு கரையும் என்று எப்போதும் அவசரப்படுகிற மனுஷன், அன்றைக்குப் போனை வைக்க அவசரப்படவில்லை.

"அடுத்த மாசம் வர்றீங்களா?" என்று கேட்டாள்.

"கம்பெனியில ஆள் கம்மியா இருக்குது. லீவு இந்த வருஷம் கஷ்டம்தான் சைபு. இன்ஷா அல்லாஹ், அடுத்த வருஷம் பார்க்கலாம்." பிறகு எதையாவது சொல்லவேண்டுமே என்று, "கேசட்டுல என்னதான் பேசியிருந்தே?" என்றார்.

"ஒண்ணும் இல்லீங்க. பட்டனை மாத்தித்தான் அமுக்கிட்டேன் போலிருக்குது."

போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். ஐந்து பேர் குறட்டையில் அடித்துப் போட்டது போலத் தூங்குகிற மனுஷனுக்கு, ஒருத்தியின் குறட்டை தாங்கவில்லை. குறட்டைக்காகப் போகவில்லை அவர். அவருக்கு இங்கே இருக்கப் பிடிக்கவில்லை. குற்றம் மூக்கினுடையதாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தாள். மூக்கு என்றால் அறுத்துச் சரி பண்ணிவிடலாம்.

கண்ணீர் அதன்பாட்டுக்கு வந்தது. முன்பெல்லாம் அழ ஆரம்பித்தால் மூக்கு அடைத்து, வாயைப் பிளந்து, மூச்சுக்குத் திணறி, வீடே அதிரத்தான் அவளுக்கு அழத் தெரியும். இப்போது வாயை இறுக மூடிக்கொண்டு நெடுநேரம் அழுதாள். கூடத்தில் இருந்த குப்பம்மாளுக்குக்கூடக் கேட்கவில்லை.